வெள்ளையாகக் கழுவிய பஞ்சு

பிளீச்சிங் பவுடர் வாசனை எனக்குப் பிடிக்கும். பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பா பட்டுப்புழு வளர்த்தார், இப்போதும் வளர்க்கிறார். ஒரு பேட்ச் முடிந்து கூடுகள் தருமபுரி அங்காடிக்குப் போன மறுநாளே புழு மனையைக் கழுவும் வேலை ஆரம்பித்துவிடும். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடர், 300 கிராம் நீர்த்த சுண்ணாம்பு. அதைக் கலக்கி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தரை, சுவர், தட்டு, வலை என்று ஒரு இடுக்கு விடாமல் அடிப்பார். அப்புறம் கதவைச் சாத்திவிடுவார். மனையைத் திறக்கும் நாளில் முகத்தில் வந்து அடிக்கும் அந்த வாசனைதான் எனக்குச் சின்ன வயதில் சுத்தம் என்பதன் வாசனை. அடுத்த பேட்ச் வருகிறது, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிவிடலாம் என்பதன் வாசனையும் அதுதான்.

ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த அத்தை ஆசையாகப் புழு பார்க்கப் போனபோது, அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "கால்ல சுண்ணாம்பு மிதிச்சுட்டு, கையக் கழுவிட்டு வாக்கா" என்றார். அத்தைக்குக் கோபம். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு பேட்ச் முழுக்கச் சுண்ணாம்புக்கட்டி நோயில் போயிருந்தது. புழு விறைத்து, வெள்ளையாகி, கையில் எடுத்தால் சாக்பீஸ் மாதிரி இருக்கும். ஒன்றில் ஆரம்பித்தால் தட்டு தட்டாகப் பரவும். அப்பா அவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் எரித்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்குள் ஒரு பாடம் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று எப்போதும் காத்திருக்கிறது, அதைக் கொன்றால்தான் நாம் வளர்ப்பது பிழைக்கும். அப்பாவின் தொழிலில் இது முழுக்கச் சரி. அதை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனது நான்.

தருமபுரியில் பிடமனேரிப் பக்கம் குடிவந்த பிறகு, மகள் கேட்டாள் என்று இரண்டடி மீன் தொட்டி ஒன்று வாங்கினோம். ஐம்பது லிட்டர் பிடிக்கும். நான்கு கோல்டு ஃபிஷ். அந்தத் தொட்டிக்கு நான்கு அதிகம் என்று இன்று தெரியும், அன்று தெரியாது. தொட்டிக்குள்ளேயே கண்ணாடியில் ஒட்டி வைக்கிற பவர் ஃபில்டர். மேலே சின்ன மோட்டார், கீழே ஒரு கூண்டு, அதற்குள் கறுப்புப் பஞ்சும் கொஞ்சம் செராமிக் வளையமும். சித்திரையில் வைத்தது, நான்கு மாதம் நன்றாகவே ஓடியது. மகள் பள்ளி விட்டு வந்தவுடன் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நிற்பாள். மீன்களும் அவள் நிழலைக் கண்டால் மேலே வரும்.

ஆடிப்பதினெட்டுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள், எல்லோருமாக ஒகேனக்கல் போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின ஞாயிறு ஒட்டடை அடித்து, மின்விசிறி துடைத்து, கடைசியில் தொட்டியிடம் வந்தேன். ஃபில்டரைக் கழற்றியதும் பஞ்சிலிருந்து காபி நிறத்தில் ஒரு சகதி வழிந்தது. செராமிக் வளையத்தின் மேல் வழவழவென்று ஒரு படலம். எனக்கு உடம்பே கூசியது. இதற்குள் ஓடுகிற தண்ணீரிலா நான்கு மாதமாக மீன்களை விட்டிருக்கிறோம் என்று நினைத்தேன். மீன்களை ஒரு வாளியில் விட்டு, தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவினேன். பஞ்சையும் வளையத்தையும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தேன். கறுப்புப் பஞ்சு அங்கங்கே வெளுத்துப் போயிருந்தது. புது போர் தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டு, ஃபில்டரை ஓடவிட்டபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

கண்ணாடி மாதிரித் தண்ணீர்

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தொட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். புதன் மாலை மகள்தான் முதலில் பார்த்தாள். "ம்மா, மீனு எல்லாம் மேலயே நிக்குது, வாயத் தொறந்து தொறந்து மூடுது." பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன். அந்தக் கூடுதல் தீனியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. மறுநாள் ஆடிப்பதினெட்டு. விடியற்காலையில் ஒன்று செத்து மிதந்தது. மகள் எழுவதற்குள் எடுத்துவிட்டேன். ஒகேனக்கல் போய்விட்டு இரவு திரும்பினால் இன்னொன்று. வெள்ளிக்கிழமை மூன்றாவது. அதன் செவுள் ரத்தம் கட்டியதுபோல் சிவந்திருந்தது. மிஞ்சியது எல்லாவற்றிலும் சின்னது, ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த ஒன்று. அது கீழே மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. இத்தனைக்கும் தண்ணீரில் ஒரு தூசி இல்லை. அதுதான் என்னைப் படுத்தியது. கலங்கிய தண்ணீரில் நான்கு மாதம் துள்ளிய மீன், தெளிந்த தண்ணீரில் ஐந்து நாளில் எப்படிச் சாகும்?

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விக்குக் கைவசம் ஒரு பதில் எப்போதும் இருக்கும்: ஃபுளோரைடு. அப்பாவின் பல்லில் அந்தக் கறை இருக்கிறது. அவர் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்கிற ஃபுளோரைடு, எங்கள் பக்கத்துப் பல கிணறுகளில் அந்த அளவைத் தாண்டித்தான் இருந்தது. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். நான் நிரப்பியது போர் தண்ணீர், அதனால் மீன் செத்தது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நான்கு மாதமும் தொட்டியில் இருந்தது அதே போர் தண்ணீர்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தயாராக ஒரு குற்றவாளி கையில் இருந்தால் மனசு வேறு பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது.

மடியில் ஒரு பை அழுக்கு

சனிக்கிழமை வேலை விஷயமாகக் கிருஷ்ணகிரி போக வேண்டியிருந்தது. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு மீன் கடையில் காட்டினேன். கடையில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் ஃபுளோரைடு பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் என் தண்ணீரை ஊற்றி, இரண்டு சோதனை மருந்திலிருந்தும் சொட்டு விட்டு, குலுக்கி வைத்தார். சில நிமிஷத்தில் மஞ்சளாக இருந்தது நல்ல பச்சையாக மாறியது. அப்புறம்தான் கேட்டார்: "அக்கா, ஃபில்டர எதுல கழுவுனீங்க?"

சொன்னேன். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "பிளீச்சிங் வாசம் வெயில்ல போயிருக்கும்க்கா, அது பிரச்சினை இல்ல. அதுல இருந்த உசுரு போச்சு, அதான்." அப்புறம் பொறுமையாக விளக்கினார். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவைத் தண்ணீரில் விடுகிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகினாலும் அதுதான். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது உள்ளே இருக்கும். பஞ்சில் இருந்த அந்தப் பழுப்புப் படலத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று நைட்ரைட் ஆக்குகின்றன. வேறு சில, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை ஓரளவுக்குத் தாங்கிக்கொள்ளும். "நீங்க சமையல்காரங்கள எல்லாம் தொரத்திட்டு, பந்தியில இலையப் போட்டுட்டீங்க" என்றார்.

எங்கள் தண்ணீருக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது, ஆனால் நான் நினைத்த பங்கு இல்லை. அவர் பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவைப் பார்த்தார், 8க்கு மேல் காட்டியது. தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் ஒரு பகுதிதான். மற்றது அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம். பிஎச் 7ல் அந்தக் கொல்லும் பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. நம் ஊர் வெயிலில், பிஎச் 8ல், அது ஐந்து ஆறைத் தொட்டுவிடும். பத்து மடங்கு. அதாவது ஃபில்டரைக் கெடுக்கிற அதே தப்பை பிஎச் குறைந்த, மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் செய்தால் மீனுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், இங்கே கிடைக்காது. அதே சமயம், நம் தண்ணீரில் நிறைய இருக்கிற பைகார்பனேட் அந்த நுண்ணுயிர்களுக்கு வேண்டிய சரக்கு. அவற்றை விட்டுவைத்தால் நம் ஊர்த் தண்ணீரில் நன்றாகவே வாழும்.

அப்புறம் அந்தத் தம்பி செய்ததை நான் மறக்கவே மாட்டேன். கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியில் கையை விட்டு, ஃபில்டரிலிருந்து பஞ்சை உருவினார். என் வீட்டுப் பஞ்சைவிட மோசமாக, கரும்பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பாதியைக் கத்தரியால் வெட்டி, அதே தொட்டித் தண்ணீரோடு ஒரு பாலித்தீன் பையில் போட்டு, காற்று நிறையவிட்டு ரப்பர் பேண்ட் போட்டார். "காய விடாதீங்க, வெயில் படாமப் பாத்துக்கங்க, இன்னைக்கே போட்டுடுங்க. தெனம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, தீனி ரெண்டு நாளைக்கு வேணாம்." சோதனை மருந்துக்கு மட்டும் காசு வாங்கினார், பஞ்சுக்கு வாங்கவில்லை.

மதியப் பேருந்து. காவேரிப்பட்டணம் தாண்டும்போது ஜன்னல் வழியாக வெயில் மடியில் விழுந்தது. நான் முந்தானையை எடுத்துப் பைக்கு நிழல் மறைத்தேன். அந்த நொடியில்தான் அப்பா ஞாபகம் வந்தார். இளம்புழு மையத்திலிருந்து புழு வாங்கி வரும் நாளில், வெயில் ஏறுவதற்கு முன் வர வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். வண்டியில் தட்டுக்கு ஈரத்துணி போர்த்தி, குழி வரும் இடத்தில் எல்லாம் வேகத்தைக் குறைத்து, பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னிடம் "துணி காஞ்சிருச்சா பாரு" என்று கேட்டுக்கொண்டே வருவார். இப்போது நான் அதே மாதிரி, ஒரு பை சகதியை, காய்ந்துவிடுமோ, சூடேறிவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டு கொண்டு போகிறேன். ஆறு நாளைக்கு முன்னால் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்ட அதே பொருள்தான் இது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா "மீனா கண்ணு?" என்று கேட்டார். "மீன் இல்லம்மா, இதுவும் உசுருதான்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே பட்டது.

1877ல் ஒரு கண்ணாடிக் குழாய்

அந்தச் சின்ன மீன் பிழைத்தது. சோதனைச் சொட்டு மஞ்சளாகவே நிற்க, அதாவது அம்மோனியா இல்லை என்று காட்ட, இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் நான் தேடித் தேடிப் படித்தேன். பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்று இரண்டு பேர், 1877ல், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு குழாயில் சாக்கடைத் தண்ணீரை மெதுவாக இறங்கவிட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை, உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அப்புறம் நைட்ரேட் தோன்ற ஆரம்பித்தது, அம்மோனியா மறைந்தது. இது வெறும் ரசாயனமா, உயிருள்ள ஏதாவது செய்கிற வேலையா என்று பார்க்க, குழாய்க்குள் குளோரோஃபார்ம் விட்டார்கள். வேலை நின்றுபோனது. குளோரோஃபார்மை நீக்கிய பிறகும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. கடைசியில் கொஞ்சம் தோட்ட மண்ணைக் கரைத்து அந்தத் தண்ணீரை ஊற்றினார்கள், சில நாளில் மறுபடி நைட்ரேட் வந்தது.

படித்ததும் எழுந்து போய்த் தொட்டி முன்னால் நின்றேன். அந்தக் குழாய் என் ஃபில்டர்தான். குளோரோஃபார்ம் இருந்த இடத்தில் நான் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறேன். தோட்ட மண் கரைத்த தண்ணீருக்குப் பதில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அரைப் பஞ்சு. அந்த இருபது நாள்தான், புதுத் தொட்டி வைத்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள் என்று சொல்கிறார்களே, அது. 1890ல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தார்கள். 1998ல் வந்த ஆய்வு, அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. எல்லாமே மெதுவாகப் பெருகுகிறவை. மற்ற பல பாக்டீரியா இருபது நிமிஷத்தில் இரட்டிக்கும், இவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகலாம். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அழித்ததை அடுத்த ஞாயிறுக்குள் திரும்பப் பெற முடிவதில்லை.

இதோடு எனக்கு ரொம்ப நெருக்கமான இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1865ல் விஞ்ஞானி லூயி பாஸ்டரைப் பிரெஞ்சு அரசு அனுப்பி வைத்தது பட்டுப்புழு நோயை ஆராயத்தான். தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து, பெப்ரின் நோய் இருந்தால் அதன் முட்டையைத் தள்ளிவிடும் முறை அவர் கொடுத்தது, இன்றும் முட்டை உற்பத்தி மையங்களில் அதுதான் நடக்கிறது. அப்பா மனையைக் கழுவுவது அந்த வழியில் வந்த அறிவு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, எங்களைப் படிக்க வைத்தது அதுதான். ஆனால் அதே நாட்டில், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு குழாய் மணலில் இன்னொரு அறிவும் பிறந்திருக்கிறது. எனக்கு முதலாவது மட்டும் வீட்டிலேயே கிடைத்தது. இரண்டாவதை மூன்று மீன் கொடுத்து வாங்கினேன்.

இப்போது கழுவும் விதம்

வாரம் ஒரு முறை ஃபில்டரைக் கழுவுங்கள், மாதம் ஒரு முறை பஞ்சை மாற்றுங்கள் என்று யார் சொன்னாலும் நான் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. காலண்டரைப் பார்க்காமல், தண்ணீர் வெளியே வரும் வேகத்தைப் பார்க்கிறேன். அது குறைந்தால் பஞ்சு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். என் தொட்டியில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை. முதலில் பிளக்கைப் பிடுங்குவேன், இதில் சோம்பல் கூடாது. தொட்டியிலிருந்து கால் பங்கு தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே பஞ்சை மூன்று முறை பிழிவேன், அதற்கு மேல் இல்லை. பிழிந்த பிறகும் பழுப்பாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். அடைப்புதான் போக வேண்டும், படலம் போகக் கூடாது. செராமிக் வளையத்தை அதே வாளியில் ஒரு முறை அமுக்கி எடுப்பதோடு சரி. குழாயடிக்குக் கொண்டு போகவே மாட்டேன், ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின் இருக்கும். தொட்டியில் ஊற்றும் தண்ணீருக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடாமல் ஊற்றுவதில்லை.

நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டிய இடம் ஒன்று உண்டு, பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மோட்டாருக்குள் காந்தத்தோடு சுற்றும் சின்ன விசிறி. அதைக் கழற்றினால் குழியில் வழவழப்பாக ஒரு படிவு இருக்கும், எங்கள் உப்புத் தண்ணீரில் வெள்ளையாகச் சுண்ணாம்பும் படியும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் மோட்டார் சத்தமும் குறையும், வேகமும் திரும்ப வரும். ஃபில்டர் கழுவும் நாளில் கூழாங்கல்லைக் கிளற மாட்டேன், அதிலும் அந்த உயிர்கள் குடியிருக்கின்றன. ஒரு பக்கம் கலைத்தால் இன்னொரு பக்கம் அப்படியே இருக்கட்டும். பஞ்சு நைந்துபோனால் புதுப் பஞ்சைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்ட பிறகே பழையதை எடுப்பேன். கரண்ட் பல மணி நேரம் போய்விட்டால், ஃபில்டருக்குள் காற்றோட்டம் இல்லாமல் உயிர்கள் செத்து நாற ஆரம்பிக்கும். கரண்ட் வந்தவுடன் அப்படியே ஓடவிடாமல், பஞ்சை ஒரு தடவை தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும்.

போன மாதம் அப்பா கூடு போட வந்தவர், அங்காடி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். நான் வாளியோடு உட்கார்ந்திருந்தேன். வாளித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏம்மா, பிளீச்சிங் போட்டு ஒரு அலசு அலசிட வேண்டியதுதானே?" என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன், பேருந்தில் பையை மறைத்து வந்ததையும் சொன்னேன். அதைக் கேட்டதும் லேசாகச் சிரித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மனைக்குத்தானே மருந்து அடிக்கிறோம், மல்பெரித் தோட்டத்துல அடிச்சா செடி எங்க நிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குந்தி உட்கார்ந்து, "குடு, நான் பிழியறேன்" என்றார்.

பழக்க தோஷத்தில் முதலில் கை கழுவ எழுந்து சோப்பை எடுத்தார். "சோப்பு வேணாம்ப்பா, வெறும் தண்ணியே போதும்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோப்பை வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு வந்தார். பஞ்சை வாளிக்குள் அமுக்கி ஒரு பிழி, இரண்டு, மூன்று. பக்கத்தில் நின்ற மகள் "போதும் தாத்தா" என்றாள். அவர் நிறுத்தினார். பஞ்சு இன்னும் பழுப்பாகவே இருந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இன்னொரு முறை பிழிய விரல்கள் மடங்கின. அப்புறம் விரல்களைத் தளர்த்தி, அதைக் கூண்டுக்குள் வைத்து மூடினார். வாளித் தண்ணீரைக் கொட்டப் போன என்னிடமிருந்து வாளியை வாங்கி, கறிவேப்பிலைச் செடி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.